அடங்கும் ஓசையின் அழகு

ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் நடந்தால் பூசைப் பொருள் கடை வாசலிலேயே காதுக்கு வேலை வந்துவிடும். கைமணி, சேகண்டி, தாளம், சலங்கை என்று வெண்கலமும் பித்தளையும் வரிசையாகத் தொங்கும். ராஜமாரியம்மன் கோயிலுக்கு வந்த ஒருவர் கைமணி வாங்க நின்றால், விலை கேட்பதற்கு முன்னால் அதை ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பார். ஓசை பிடிக்கவில்லையென்றால் முகம் சுளித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இதை யாரும் அவருக்குப் பாடம் எடுத்துச் சொல்லித் தந்ததில்லை. அதே ஆள் பேரங்காடியில் யோகாப் பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்து, பட்டு மெத்தையில் உட்கார்த்தி வைத்திருக்கும் 'திபெத்திய' ஓசைக் கிண்ணத்துக்கு முன்னால் நின்றால், காதை மறந்துவிட்டு அட்டையைப் படிக்கத் தொடங்குகிறார். ஏழு உலோகம், இன்ன சக்கரத்துக்கு உரியது, பௌர்ணமி இரவில் அடித்தது, இத்தனை வெள்ளி. படித்து முடித்துச் சிலர் வாங்குகிறார்கள், சிலர் விலையைப் பார்த்து நகர்கிறார்கள். இரண்டு பேருமே ஓசையைக் கேட்கவில்லை.

தியானத்துக்குக் கிண்ணம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தட்டியதும் எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்து வாங்காதீர்கள். எப்படி அடங்குகிறது என்று கேட்டு வாங்குங்கள். எந்த உலோகத்தைத் தட்டினாலும் முதல் இரண்டு விநாடி ஏதோ ஓர் இனிமை இருக்கத்தான் செய்யும். கிண்ணத்தின் யோக்கியதை தெரிவது அதற்குப் பிறகு வரும் அரை நிமிடத்தில்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நல்ல ஓசைக் கிண்ணம் வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. மற்ற வெண்கல வேலைகளுக்குச் சேர்ப்பதைவிட இதில் வெள்ளீயம் தூக்கலாக இருக்கும்: நூற்றுக்கு 22, 23 பங்கு. அந்த அளவுக்கு ஏற்றினால் உலோகம் கணீரென்று பேசும். ஆனால் முரண்டும் பிடிக்கும். ஆறிய நிலையில் ஓங்கி ஓர் அடி அடித்தால் விரிசல் விட்டுவிடும். ஏறத்தாழ 590 டிகிரி செல்சியசுக்கு மேல், 790க்குள், மங்கிய சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும்போது மட்டும் அது அடிக்கு இணங்கும். நேபாளத்துப் பட்டறைகளில் இந்தக் குறுகிய நேரத்தைப் பிடித்துத்தான் வேலை நடக்கிறது. உலையிலிருந்து எடுத்த தட்டை ஒருவர் இடுக்கியில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் சுற்றி நின்று முறைவைத்து அடிப்பார்கள். சிவப்பு கறுக்கத் தொடங்கியதும் சுத்தியல்கள் நின்றுவிடும். தட்டு மறுபடி உலைக்குப் போகும். அங்கே கண்தான் வெப்பமானி. கிண்ணத்தின் வடிவம் வந்த பிறகு கடைசியாக ஒரு முறை சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். எஃகைத் தோய்த்தால் விறைத்துக்கொள்ளும். இந்த வெண்கலம் நேர்மாறு: தோய்த்தால் நொறுங்கும் குணம் தணிந்து உறுதிப்படும்.

இது இமயமலைக்கு மட்டும் சொந்தமான வித்தை என்று எண்ண வேண்டாம். ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு கிடைத்த பாத்திரங்களிலும் நீலகிரியின் பெருங்கற்கால ஈமக் குவைகளில் கிடைத்த கிண்ணங்களிலும் இதே உயர் வெள்ளீயக் கலவையும் இதே தோய்ப்பும் இருப்பதை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் நிறுவியிருக்கிறார். நீலகிரிக் கிண்ணங்களை 1870களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தவர் அந்த மாவட்டத்தின் ஆணையர் ஜேம்ஸ் பிரீக்ஸ். அவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் இந்த வகைக் கிண்ணம் அடிக்கும் கொல்லர்கள் நம் காலம் வரை இருந்தார்கள். தாய்லாந்தில் பான் டோன் தா பெட் என்ற ஊரின் பழைய புதைகுழிகளிலும் இதே இனத்து வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்தன. வங்கக் கடலின் இரண்டு கரையிலும் இந்த உலோகத்தோடு பழகியவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

மலேசியர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. இந்திய மண்ணில் வெள்ளீயம் அரிது. அது செழித்துக் கிடந்தது மியன்மாரில் தொடங்கித் தாய்லாந்து வழியாக நம் தீபகற்பத்தில் இறங்கி, பங்கா, பெலித்துங் தீவுகள் வரை நீளும் பட்டையில். ஜொகூரிலேயே கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வட்டாரங்களில் வெள்ளீயச் சுரங்கங்கள் நடந்தன. பேராக் கிந்தா பள்ளத்தாக்கின் பெயர் அளவுக்கு அவை வெளியே பேசப்படவில்லை, அவ்வளவுதான். 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடும்வரை இந்த உலோகம் இந்த நாட்டின் சோறு. கடையில் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் ஜொகூர்க்காரருக்கு அது வேற்று நாட்டு மாயப் பொருளாகத் தோன்ற வேண்டியதில்லை.

திபெத் என்ற பெயருக்கு வருவோம். திபெத்தியப் பௌத்தச் சடங்கில் நெடுங்காலமாக இருப்பவை திரில்பு என்னும் கைமணியும் திங்ஷா என்னும் தாளமும். கிண்ணங்கள் இமயமலை நாடுகளில் பெரும்பாலும் சோற்றுக்கும் தானியத்துக்கும் காணிக்கைக்கும் பயன்பட்டவை. மேற்குலகம் அவற்றைத் தியானக் கருவியாகப் பார்க்கத் தொடங்கியது ஹென்றி உல்ஃபும் நான்சி ஹென்னிங்சும் 1972இல் வெளியிட்ட 'திபெத்தன் பெல்ஸ்' இசைத்தட்டுக்குப் பிறகு. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை ஐயாயிரம் ஆண்டுப் பழக்கமாக அட்டையில் எழுதுவது வியாபாரம். அதற்காகக் கிண்ணத்தைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். சோறு தின்ற பாத்திரத்துக்குள் இப்படியொரு குரல் இருந்ததைக் கண்டுகொண்டவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

உண்மையில், நின்று ஒலிக்கும் வெண்கலம் ஜொகூரில் நம்மைச் சுற்றிலும் இருக்கிறது. சீன பௌத்த ஆலயங்களில் மரமீன் என்னும் தட்டுக் கருவிக்குப் பக்கத்தில் மெத்தைமேல் அகன்ற வாயோடு உட்கார்ந்திருப்பது 'ச்சிங்'. ஓதும்போது ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதை அதன் ஒற்றைத் தட்டு சொல்லிவிடும். ஜப்பானிய வீட்டுப் பூசை மாடத்தில் அதன் தம்பியாக 'ரின்' இருக்கிறது. பத்து பகாட், மூவார், பொந்தியான் பக்கத்து ஜாவானியர்களின் மரபில் வரும் கமலான் கோங்குக்கும் ஏறக்குறைய இதே கலவைதான்: பத்துப் பங்கு செம்புக்கு மூன்று பங்கு வெள்ளீயம் என்பது ஜாவாக் கொல்லர்களின் பழைய கணக்கு. நம் கைமணியும் சேகண்டியும் இந்தக் குடும்பம்தான். ஆனால் வேலை வேறு. கைமணி தீபாராதனை முடியும்வரை ஓயாமல் ஒலித்து, அலையும் கண்களைச் சாமியிடம் திருப்புகிறது. சேகண்டி ஊரைக் கூப்பிடுகிறது. கிண்ணத்தையோ ஒரு முறை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். மிச்ச வேலை கேட்கிறவருடையது.

அடங்கும் ஓசையைப் பின்தொடர்வது நம் மரபு நன்றாக அறிந்த வழி. திருமூலர் திருமந்திரத்தில் யோகிக்குள் கேட்கும் பத்து ஒலிகளை அடுக்கும்போது மணியோசையைத்தான் முதலில் வைக்கிறார். தியானபிந்து உபநிடதம் பிரணவத்தை விளக்க எடுத்துக்கொள்வதும் நீண்டு செல்லும் மணியின் நாதத்தைத்தான். ஓசை மெலிய மெலியக் கவனம் கூர்மையாகும். கூர்மையான கவனம் ஓசை போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். கிண்ணம் வாங்குவது அந்தக் கொஞ்ச நேரத்துக்காக.

இனி, அந்த அரை நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தட்டியதும் கிண்ணத்தின் வட்ட விளிம்பு நீள்வட்டமாக இழுபடுகிறது. அடுத்த நொடித்துளியில் குறுக்கு வாட்டில் நீள்வட்டமாகிறது. விநாடிக்கு நூறு, இருநூறு முறை இப்படி மாறி மாறி. விளிம்பில் நான்கு இடங்கள் நன்றாக அசையும். அவற்றுக்கு நடுவே நான்கு இடங்கள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கிண்ணத்தில் பாதிக்கும் மேல் தண்ணீர் ஊற்றி, விளிம்பின் வெளிப்புறத்தைக் கோலால் மெதுவாக உரசிச் சுற்றுங்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிலிர்க்காது. விளிம்போரம் நான்கு இடத்தில் மட்டும் நுண்ணிய கோடுகள் எழும். கோல் நகர நகர அந்த நான்கும் கூடவே நகரும். இன்னும் அழுத்தினால் துளிகள் மேலே எகிறித் தண்ணீர்ப்பரப்பின்மேல் உருண்டோடும். 2011இல் தெனி தெர்வாஞ், ஜான் புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் துளிகளின் துள்ளலையே படம்பிடித்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஜலதரங்கம் கேட்டவர்களுக்குத் தண்ணீரும் கிண்ணமும் சேர்ந்து என்ன செய்யும் என்று தெரியும். தண்ணீர் ஏறினால் சுருதி இறங்கும். இங்கேயும் அப்படியே.

அந்த நீள்வட்ட ஆட்டம் தருவது கீழ்க்குரல். அதோடு கூடவே விளிம்பு ஆறு இடத்தில் அசையும் இன்னோர் ஆட்டமும் நடக்கிறது, அது மேல்குரல். இரண்டுக்கும் உள்ள உறவுதான் கிண்ணத்தின் தனிச் சுவை. தம்புராவை மீட்டினால் ஷட்ஜத்துக்குள்ளிருந்து பஞ்சமமும் காந்தாரமும் தாமாக எழுந்து ஷட்ஜத்தோடு இழையும். கிண்ணத்தின் மேல்குரல் அப்படி இழையாது. அதன் அதிர்வு கீழ்க்குரலைப்போல் சுமார் 2.7, 2.8 மடங்கு. கீழ்க்குரலை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இது மேல் ஸ்தாயி மத்தியமங்களின் பக்கம், பெரும்பாலும் பிரதி மத்தியமத்தை ஒட்டி வந்து நிற்கும். பிரதி மத்தியமத்தில் நின்று பஞ்சமத்தைத் தொடாமலேயே விட்டுவிட்டால் மனத்தில் ஒரு தவிப்பு இருக்கும் அல்லவா, கிண்ணம் அந்தத் தவிப்போடுதான் பேசத் தொடங்குகிறது. மேல்குரல் முதலில் கரையும், தவிப்பு தீரும், அடிக்குரல் மட்டும் தனியாக நீளும். ஒவ்வொரு தட்டிலும் இந்தச் சிறிய நாடகம் நடக்கிறது. பலருக்குக் காரணம் தெரியாமலே மனம் தளர்வது இதனால்தான் என்பது என் எண்ணம்.

அடுத்த சுவை, அலைவு. கையால் அடித்த கிண்ணத்தின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. அதனால் கீழ்க்குரலே இரண்டு இழையாகப் பிரியும். ஒன்று விநாடிக்கு 200 அதிர்வு, மற்றது 201 என்றால், இரண்டும் சேர்ந்தும் விலகியும் விநாடிக்கு ஓர் அலையாக ஏறி இறங்கும். உம்ம்ம்… உம்ம்ம்… என்று கிண்ணம் மூச்சு விடுவதுபோல் தோன்றுவது இதுதான். கடைசல் இயந்திரத்தில் பிசிறில்லாமல் கடைந்த கிண்ணத்தில் இந்த அலைவு அநேகமாக இருக்காது. கைவேலையின் குறையே ஓசைக்கு உயிராகிறது. ஆனால் அளவு முக்கியம். விநாடிக்கு ஓர் அலை, அல்லது அதைவிட மெதுவாக என்றால் மனம் அதன்மேல் ஏறி உட்காரும். விநாடிக்கு ஐந்தாறு என்றால் அது படபடப்பு. மேடைக்கு ஆகலாம், தியானத்துக்கு ஆகாது.

கடைசியில் அடக்கம். நல்ல கிண்ணத்தில் குரல்கள் வரிசை தவறாமல் விடைபெறும்: முதலில் தட்டின் சத்தம், பிறகு கூர்மையான மேல்குரல்கள், கடைசியில் கீழ்க்குரல். எங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது. மட்டமான கிண்ணத்தில் கீழ்க்குரல் சீக்கிரம் செத்துவிடும். மேல்குரல் மட்டும் காதைக் குடைந்துகொண்டு நிற்கும். இல்லாவிட்டால் விளக்கை அணைத்ததுபோல் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். கடையில் முதலில் மயக்குவது கணீர்க் குரல்தான். சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரல் ஒலிபெருக்கி இல்லாமலேயே கோயில் மைதானத்தை நிறைக்கும் என்பார்கள், அது பாட்டுக்கு. தனியறையில் கண்மூடி உட்காருகிறவருக்கு மைதானத்தை நிறைக்கும் குரல் தேவையில்லை.

இனிக் கடைக்குப் போகலாம். பேரங்காடிக் கடை என்றால் பின்னணியில் புல்லாங்குழல் இசை ஓடிக்கொண்டிருக்கும், மேலே காத்தாடி சுற்றும். முதலில் அவற்றை நிறுத்தச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

"இதைப் பாருங்க அண்ணே, தட்டினா கடை முழுக்கக் கேக்கும்."

"கடைக்குக் கேட்டா போதாதும்மா, எனக்குக் கேக்கணும். அந்தக் காத்தாடிய ரெண்டு நிமிஷம் அடைச்சு விடுறீங்களா?"

கொஞ்சம் வியாபாரம் தெரிந்த பெண் என்றால் சிரித்துக்கொண்டே அடைத்துவிடுவார். உள்ளே போய் அட்டை ஒட்டாத இன்னும் இரண்டு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் வைப்பார். காது உள்ளவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் கடைக்காரர்களும் நல்ல சரக்கை வெளியே எடுப்பார்கள்.

ஒரே அளவுள்ள மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் 16 முதல் 18 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ ஒரு கிலோ. வீட்டுத் தியானத்துக்கு இந்த அளவு பொருத்தமாக இருக்கும். கையடக்கச் சின்னக் கிண்ணங்கள் கீச்சுக்குரலில் பேசிச் சீக்கிரம் ஓயும். பெரியவை வயிற்றில் அதிரும். விலையும் கனமும் அதற்கேற்ப ஏறும். கிண்ணத்தை விரித்த உள்ளங்கையில் வையுங்கள். விரல்களை மடக்கிச் சுவரைப் பிடித்தால் ஓசை பாதியில் செத்துவிடும். வெறும் மரக்கோலை ஒதுக்கிவிட்டுத் துணியோ கம்பளமோ சுற்றிய கோலை வாங்கி, விளிம்புக்குச் சற்றுக் கீழே வெளிச்சுவரில் ஒரே ஒரு தட்டு. ஓங்கி அடிக்கக் கூடாது. கோலின் கனமே தட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முழுக்க அடங்கும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான்: ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தட்டி, இரண்டின் முடிவையும் கேட்காமல் போவார்கள்.

ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விளிம்பைச் சுற்றி ஆறேழு இடத்தில் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் அலைவு நன்றாகத் தெரியும். இன்னோரிடத்தில் ஓசை ஆடாமல் நேராகப் போகும். இது குறை இல்லை, கிண்ணத்தின் கட்டமைப்பு. பிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் வீட்டில் அங்கேயே தட்டலாம். ஆனால் எங்கேயாவது 'கிர்ர்' என்று மெல்லிய இரைச்சல் கேட்டால் உடனே கீழே வைத்துவிடுங்கள். மயிரிழை விரிசல் அப்படித்தான் பேசும். உயர் வெள்ளீய வெண்கலத்தில் விரிசல் வளரும், ஆறாது.

அதன்பிறகு உரசிப் பாருங்கள். கோலைச் செங்குத்தாகப் பிடித்து, விளிம்பின் வெளிப்புறத்தில் ஒரே அழுத்தத்தோடு மெதுவாகச் சுற்ற வேண்டும். வில் வயலின் நரம்பைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் கோலும் உலோகத்தைப் பிடித்து விடுகிறது. குரல் படிப்படியாக ஏறும். சில கிண்ணங்கள் உடனே பாடும், சிலவற்றுக்குக் கை பழக வேண்டும். உரசினால் பாடுவது கடையில் ஆளை மயக்கும் வித்தை என்பதால் பலர் அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். தியானத்தில் அதிகம் உதவப்போவது ஒற்றைத் தட்டு. உரசலில் கொஞ்சம் முரடாக இருந்தாலும் அடக்கம் அழகாக இருந்தால் அந்தக் கிண்ணத்தை எடுக்கலாம்.

அட்டையில் எழுதியவற்றுக்கு ஒரு வரி பதில் போதும். ஏழு உலோகம்: ஆய்வகத்தில் சோதித்த கிண்ணங்களில் செம்பும் வெள்ளீயமும்தான் பெரும்பகுதி, மற்றவை இருந்தால் துளிக் கணக்கு. பழமை: கறுப்பேற்றிப் பழசாக்குவது எளிய வேலை, வயது ஓசைக்குத் தனியாக எதையும் கூட்டுவதில்லை. பௌர்ணமி: காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். சக்கரச் சுரம்: ஒரே கிண்ணத்துக்குள் ஒன்றோடொன்று இழையாத இரண்டு குரல் இருக்கும்போது அதில் எது மூலாதாரத்துக்கு, எது அநாகதத்துக்கு? செதுக்கிய மந்திரமும் தாமரையும் கண்ணுக்கு அழகு. அந்த வேலைக்கு விலை கொடுப்பதாகத் தெரிந்து கொடுத்தால் தவறில்லை. உலோகத்தை மட்டும் கவனியுங்கள். எலுமிச்சை மஞ்சளாகப் பளபளப்பது பெரும்பாலும் பித்தளை. செம்போடு துத்தநாகம் சேர்ந்த அதன் ஓசை சுருக்கமாக முடிந்துவிடும். சுத்தியல் தழும்பு ஒரே அளவில், ஒரே இடைவெளியில் கோலம்போல் இருந்தால் அது அலங்காரத்துக்காகப் போட்டது. உண்மையான அடித் தழும்பு உள்ளும் புறமும் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

வெள்ளைப் பனிபோல் இருக்கும் 'கிறிஸ்டல்' கிண்ணங்கள் வேறு சாதி. அவை உருக்கிய குவார்ட்சு; கணினிச் சில்லுக்கான சிலிக்கன் படிகம் வளர்க்கப் பயன்படும் மூசைகளிலிருந்து வந்த பொருள். சத்தம் பெரிது, குரல் ஒற்றை, நிற்பது நெடுநேரம். ஒலிக்குளியல் நடத்தும் கூடத்துக்குப் பொருந்தும். என் காதுக்கு அது கொஞ்சம் பிடிவாதமான குரல். போகச் சொன்னாலும் போகாது. சின்ன அறைக்கு வெண்கலமே மேல்.

கைப்பேசியில் காணொளி பார்த்து ஆர்டர் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசியின் ஒலிபெருக்கி கீழ்க்குரலைச் சரியாகக் கொண்டுவராது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோக் கிண்ணத்தின் உயிர் இருக்கும் 100, 200 அதிர்வுப் பகுதிதான் அதில் முதலில் காணாமல் போவது. நீங்கள் கேட்டு மயங்குவது மேல்குரலை மட்டும். நல்ல காதொலிப்பானில் கேட்டால் ஓரளவு தேவலை. அப்படியும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று விற்பவர் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

விலை பேசும்போது எடையை முன்னால் வையுங்கள். காத்மாண்டு மொத்த வியாபாரத்தில் கையடிக் கிண்ணங்கள் கிலோக் கணக்கில்தான் கைமாறுகின்றன. தராசில் வைக்கச் சொல்லி, கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே எடையுள்ள இரண்டு கிண்ணங்களுக்கு இரட்டிப்பு விலை வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் ஓசையிலா அட்டையிலா என்று கேளுங்கள். ஓசையில் என்றால் கொடுக்கலாம்.

உடலுக்கு என்ன செய்யும் என்ற கேள்வியும் வரும். 2017இல் அமெரிக்காவில் 62 பேரை வைத்து வெளியான ஓர் ஆய்வில், கிண்ண ஓசையோடு படுத்திருந்து எழுந்தவர்களுக்குப் பதற்றமும் களைப்பும் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கிண்ணம் இல்லாமல் சும்மா படுத்திருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது அல்ல. மன அமைதிக்கு உதவும் என்று நம்பி வாங்கலாம். நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்றால் கடையை மாற்றுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் செலவொன்றும் இல்லை. நம் ஊர் ஈரக் காற்றில் வெண்கலம் கறுக்கும். எப்போதாவது புளித் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தால் போதும். கம்பி நாரும் உலோகப் பாலிஷும் வேண்டாம். கடினமான தரையில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் பித்தளைபோல் நசுங்காது, உடையும். வட்ட மெத்தைக்கென்று தனியாகக் காசு கேட்டால் பழைய வேட்டியைச் சுருட்டி வளையமாக்கி அதன்மேல் வையுங்கள். ஓசைக்கு ஒரு குறையும் வராது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலக் கும்பாவோ வட்டிலோ இன்னும் பரண்மேல் கிடக்கும். கிண்ணம் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அதை இறக்கிக் கழுவி, உள்ளங்கையில் வைத்து, துணி சுற்றிய கரண்டிக் காம்பால் மேலே சொன்ன முறையில் ஒரு முறை தட்டிப் பாருங்கள். அதன் ஓசை அழகாக அடங்கினால் கடைக்குப் போகும் வேலை உங்களுக்கு இல்லை. அடங்காவிட்டாலும் நட்டமில்லை; எந்த ஓசை வேண்டாம் என்று தெரிந்த காதோடு கடைக்குப் போவீர்கள்.